லெஸ்லி ஹோர்-பெலிஷாவும் இங்கிலாந்தின் வீதிகளும்

மநுநீதி கண்ட சோழனது மைந்தன் ஊர்ந்த தேரின் காலிற் சிக்கி ஓர் ஆன்கன்று மாண்டதும், அதன்பொருட்டு அவ்வரசன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டதும் தமிழ் கற்பார் எவரும் அறிந்த செய்தியாகும். அதனைப் படிக்குந்தோறும் அரசனது செங்கோன்மையை வியக்கின்றோமேயன்றி, விரைந்தோடும் தேரும் துள்ளியோடும் கன்றும் ஒரே தெருவில் எவ்வாறு இயங்குதல் வேண்டும் என்பதனை நாம் ஆராய்வதில்லை. மோட்டார் தோன்றிய பின்னர் இவ்வாராய்ச்சி எல்லா நாட்டிலும் இன்றியமையாததாயிற்று. இங்கிலாந்து தேசத்தில் இதனை முழுமூச்சாக எடுத்துக்கொண்ட ஒரு மந்திரியின் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம்.

லெஸ்லி பெலிஷா 1893-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 7-ஆம் நாள் லண்டன் மாநகரில் ஒரு யூத குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் முகம் அறியாத சிசுப்பருவத்திலேயே அவரை இழந்தார். அன்னையாரே வளர்த்து ஆளாக்கினார். அவ்வம்மையார் 1912-இல் அடேர் ஹோர் என்னும் அரசாங்க உத்தியோகஸ்தரை மறுமணம் புரிந்துகொள்ள, தாயின் விருப்பத்திற்கிணங்க மைந்தரும் அப்பெயரைத் தம் பெயரோடு சேர்த்து ஹோர்-பெலிஷா ஆயினார். கிளிப்டன் கலாசாலையிலும், பின்னர்ப் பாரிஸ், ஹைடல்பர்க் நகரங்களிலும், ஆக்ஸ்போர்டில் ஸெயின்ட் ஜான்ஸ் கல்லூரியிலும் கல்வி பயின்றார். இடையே முதல் உலக யுத்தம் மூண்டது. பிரான்ஸிலும் ஸலோனிகாவிலும் சேவை புரிந்து மேஜர் பதவி பெற்று மீண்டு, விட்ட படிப்பைத் தொட்டார். ஆக்ஸ்போர்டு மாணவர்தம் புகழ் பெற்ற சொற்போர்க் கழகத்துக்குத் தலைவராகவும் விளங்கினார். மேடையில் வார்த்தைக்கு அஞ்சாதவர் என்ற பெயர் அவருக்கு அன்று தொட்டே உண்டு. 1923-இல் வழக்கறிஞராகப் பதிவு பெற்றதோடு, அவ்வாண்டின் இறுதியிலேயே டெவன்போர்ட் தொகுதியினின்றும் லிபரல் கட்சியின் சார்பாகப் பார்லிமெண்டுக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். பின்னர் வர்த்தக இலாகாவிலும் பொக்கிஷ இலாகாவிலும் துணைப்பதவிகள் வகித்தார். அவற்றை விரித்துரைப்பதாற் பயனில்லை. 1934-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் போக்குவரத்து மந்திரியானதே நம் கதைக்குத் தொடக்கமாகும்.

அவர் கைக்கு வந்த வீதிகள் எத்தகையன என்பதனை முதலில் அறிதல் வேண்டும். இங்கிலாந்தின் சாலைகளைச் சீர்ப்படுத்துமாறு முதன்முதற் குரலெழுப்பியவர் மோட்டார் உடையாரல்லர், சைக்கிளேறினோரே என்பது பலர்க்கு வியப்பாயிருக்கும். அந்நாட்டுச் சைக்கிள் சங்கத்தார் 1886-இலேயே சாலைத் திருத்தச் சங்கம் ஒன்றை நிறுவிக் குண்டுங்குழியுமாய்க் கிடந்த பாதைகளைச் செப்பனிடுமாறு கிளர்ச்சி செய்தனர். அதற்கு இரண்டாண்டு கழித்து, 1888-இல், சைக்கிளும் சட்டத்தின்முன் ஒரு வண்டியே என்று பார்லிமெண்டு விதித்தது. அன்று முதல் கோச்சு வண்டிக்குள்ள வழியுரிமை அதற்கும் உரியதாயிற்று. இவ்வுரிமையை அவர்கள் பெரிதும் போற்றிவந்தனர். இயந்திர வண்டிக்கு முன்னே ஓர் ஆள் நடந்து செல்லல் வேண்டும் என்ற கட்டாயமோ 1896-இற்றான் நீங்கியது. ஆகவே சாலையில் மூத்தது சைக்கிள், இளையது மோட்டார். ஆனால் இளையது பருத்து வளர்ந்து மூத்ததை ஓரத்துக்கு நெருக்கத் தொடங்கியது.

1903-ஆம் ஆண்டுச் சட்டம் மோட்டாருக்கு மணிக்கு 20 மைல் என்று வேக எல்லை வகுத்திருந்தது. அதனை மதித்து ஓட்டுவோர் அரியராயினர். மதியாத சட்டம் இருந்தென்ன, போயென்ன என்று கருதியோ, 1930-இல் அவ்வெல்லையையே முற்றும் எடுத்துவிட்டனர். களவு மிகுந்ததென்று கதவைக் கழற்றிவைப்பார் உளரோ? 1934-ஆம் ஆண்டில் மட்டும் பிரிட்டிஷ் வீதிகளில் மாண்டோர் 7,343 பேர். காயமுற்றோர் 2,31,603 பேர். இறந்தவரிலும் அடிபட்டவரிலும் ஏறக்குறையப் பாதிப்பேர் கால்நடையாய்ச் சென்றவர். அந்நாளில் அத்தேசத்தில் ஓடிய மோட்டார் வாகனங்கள் ஏறத்தாழ 24 இலட்சந்தான். அவை பன்மடங்கு பெருகிவிட்ட 2023-இல் அங்கே வீதியில் மாண்டவர் 1,624 பேரே என்பதனோடு ஒப்பிட்டாற்றான் அன்றைய கொடுமை நன்கு விளங்கும்.

பதவியேற்ற சின்னாளில் ஹோர்-பெலிஷா, பாதசாரிகள் கடத்தற்கென்று புதிதாய் வகுத்த இடங்களைத் தாமே நேரிற் சோதித்துப் பார்க்கச் சென்றார். காம்டன் பெருவீதியை அவர் கடக்கையில் ஒரு விரைவு மோட்டார் நில்லாது பாய்ந்து வந்தது. மந்திரி மயிரிழையில் உயிர் தப்பினார். இச்செய்தி மறுநாள் பத்திரிகைகளிலெல்லாம் வெளிவந்தது. வீதியில் நிகழ்வதனை விபத்து என்னும் மெல்லிய சொல்லாற் கூறாமல், கூட்டங் கூட்டமாகச் செய்யும் கொலை என்னும் பொருள்பட அவர் பேசலானார். மந்திரி என்பார் அளந்து பேசுதல் முறை எனக் கருதியோர் முகஞ்சுளித்தனர்.

கடக்குமிடத்தைத் தொலைவிலேயே மோட்டாரோட்டி காணல் வேண்டுமென்று, கறுப்பும் வெள்ளையுமாய் வளையம் வளையமாக வண்ணந்தீட்டிய கம்பங்களை இருமருங்கும் நட்டு, உச்சியில் நாரத்தம்பழம் போன்ற மஞ்சட் சிவப்புக் கண்ணாடிக் குண்டுகளை வைப்பித்தார். அவ்விடத்திற் பாதசாரி காலெடுத்து வைத்தால் வண்டி நின்று வழிவிடல் வேண்டும் என்பது விதி. கம்பங்கள் முளைத்ததும் நகரத்தார் நகையாடத் தொடங்கினர். சித்திரக்காரர் அவற்றை வைத்துக் கேலிப்படம் வரைந்தனர். பெலிஷா என்னும் பெயராலேயே ஒரு சீட்டாட்டமும் பின்னர் விற்பனைக்கு வந்தது. தெருச் சிறுவருக்கோ அக்கண்ணாடிக் குண்டுகள் கல்லெறி பழக வாய்த்த இலக்காயின. மாங்காய்க்குக் கல்லெறியாத சிறுவரும் உலகில் உளரோ! உடையவுடைய மாற்றிச் சலித்து, பின்னர்ப் பலவிடங்களிற் கண்ணாடியை விட்டுத் தகரக் குண்டுகளையே வைத்தனர். தம் பெயரைக் கம்பத்துக்குச் சூட்டி நகைத்தவர்களை மந்திரி சினந்தாரில்லை. நகைப்பதற்கேனும் மக்கள் அக்கம்பத்தை நிமிர்ந்து பார்க்கின்றனரே என்பது அவர்க்குப் போதும்போலும்.

அவ்வாண்டே நிறைவேறிய வீதிப் போக்குவரத்துச் சட்டம் பெரியதொரு பூசலை விளைத்தது. வீடுகள் செறிந்த பகுதிகளில் மோட்டார் மணிக்கு 30 மைலுக்கு மேற் செல்லலாகாது என்று அச்சட்டம் விதித்தது. வீடுகள் செறிந்த பகுதி எதுவென அளப்பது எங்ஙனம்? தெருவிளக்குகள் இருநூறு கெஜத்துக்கு மேற்படாத இடைவெளியில் நிற்கும் சாலையே அத்தகையது என்று எளியதோர் அடையாளம் வகுத்தனர். விளக்குக் கம்பத்தையே வேகத்துக்கு அளவுகோலாக்கிய இவ்வுபாயத்தை யாம் பெரிதும் மெச்சுகின்றோம். ஆங்கிலேயனது பிறப்புரிமையே பறிபோயிற்று என்று எதிர்த்தோர் கூக்குரலிட்டனர். விமானம் ஓட்டுவதில் அந்நாட்டுக்கே முன்னோடியான மூர்-பிரபஸன் என்னும் அங்கத்தினர், ஆண்டுதோறும் ஆறாயிரவர்க்கு மேற் தற்கொலை செய்துகொள்ள அதுபற்றி யாரும் ஆரவாரிக்கவில்லையே என்று பார்லிமெண்டில் வினவினார். முற்காலத்தில் மோட்டாரில் அடிபட்டு மாண்ட கோழிகளும் நாய்களும் நாளடைவில் ஒதுங்கக் கற்றுக்கொண்டமையை எடுத்துக்காட்டி, மாந்தரும் அவ்வாறே கற்றுக்கொள்வர் என்னும் கருத்துப்படப் பேசினார். கற்கும் வரையில் மடிவோர்க்கு அவர் கூறும் விடை யாது என்பது எமக்கு விளங்கவில்லை. விதியின் விளையாட்டென்னும்படி, 1940-இல் அவரே போக்குவரத்து மந்திரியாகவும் ஆனார்.

எதிர்ப்பு எத்துணையாயினும் 1935-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் முப்பது மைல் விதி நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஜூன் முதல் தேதியிலிருந்து, புதிதாக மோட்டார் ஓட்டுவோர் பரீட்சை கொடுத்துத் தேறுதலும் கட்டாயமாயிற்று. அதுவரை பணங்கட்டி லைசென்ஸ் பெற்றவர் எவரும் மறுகணமே வண்டியைத் தெருவில் இறக்கலாம். அதனை நிறுத்தக் கற்றிருந்தாரா என்று கேட்பாரில்லை! பரீட்சைக்கு ஏழரை ஷில்லிங் கட்டணம். பரீட்சைக்கென்று தனி நிலையங்கள் அமையாமையால், பரிசோதகர் பூங்கா வாயிலிலோ ரயில் நிலையத்திலோ காத்திருந்து பரீட்சார்த்தியைச் சந்திப்பார். முதலில் எழுதிய கூட்டத்தில் நூற்றுக்கு அறுபத்துமூவர் அளவே தேறினர் எனின், தேறாத ஏனையோர் அதற்கு முந்திய ஆண்டாயின் தடையின்றித் தெருவில் ஓட்டியிருப்பர் என்பதனை ஆண்டாண்டு பரீட்சைக்கு அஞ்சும் எம்போல்வாரும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். வீதியொழுக்க நூலும் அவ்வாண்டிற் புதுக்கி வெளியிடப்பட்டது. 7,343 ஆக இருந்த உயிர்ச்சேதம் 1935-இல் 6,502 ஆகத் தாழ்ந்தது.

இனிச் சைக்கிளுக்கு வருவோம். மந்திரியின் புகழ் பாடுவோர் பலரும் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். எமக்கோ அவர் வாழ்க்கையில் ஆராயத்தக்க பகுதி இதுவே என்று தோன்றுகின்றது.

அந்நாளில் இங்கிலாந்தில் மோட்டார் உடையார் சிலர். சைக்கிள் உடையார் பலர். தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் சாலை முழுதும் சைக்கிள் வெள்ளமாய்ப் பெருகும். அவ்வெள்ளத்தினூடே மோட்டார் புகுந்து விரைய, இரவிலும் மழையிலும் உயிர்ச்சேதம் மிகுந்தது. இதற்கு மருந்தாக மந்திரி கண்டது தனிப்பாதை. 1934-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள், லண்டனுக்கு மேற்கே வெஸ்டர்ன் அவென்யூ என்னும் புதுச்சாலையின் இருமருங்கும், ஏறத்தாழ எட்டரை அடி அகலமும் இரண்டரை மைல் நீளமும் உடைய சைக்கிள் பாதையை அவரே திறந்துவைத்தார். சைக்கிளேறுவோரது சுகத்துக்காகவும் க்ஷேமத்துக்காகவுமே அது சமைக்கப்பட்டதென்று விளக்கினார். நன்றி கூறுவார் திரள்வர் என எதிர்பார்த்திருப்பார். ஆனால் நாட்டின் பெருஞ் சைக்கிள் சங்கம் அதனை வன்மையாக எதிர்த்தது.

அவர்கள் எதிர்த்தமைக்குக் காரணம் வெறும் பிடிவாதம் என்று சிலர் எழுதியுள்ளனர். யாம் அவ்வாறு கருதவில்லை. அச்சங்கத்தின் காரியதரிசியாக நெடுங்காலம் இருந்த ஸ்டான்ஸர் என்பார் முன்னின்று நடத்திய வாதம் இதுவாகும்: 1888-இல் பெற்ற வழியுரிமை இன்று மோட்டாருக்காகப் பறிக்கப்படுகின்றது, முதலிற் பாதை அமைப்பர், அடுத்து அதிலேயே செல்க எனக் கட்டாயப்படுத்துவர், முடிவில் பாதையில்லாத சாலையிலும் சைக்கிளுக்கு இடமில்லை என்பர். மேலும், அமைத்த பாதையோ குறுக்குத் தெரு வருமிடந்தோறும் அறுந்து அறுந்து சென்றது. விபத்து மிக நேர்வது அக்குறுக்குத் தெருச் சந்திகளிலேயன்றோ? இரண்டரை மைல் சென்றதும் பாதை முடிய, சைக்கிளேறினவன் மீண்டும் அதே மோட்டார்க் கூட்டத்தினுள் தள்ளப்பட்டான். ஆபத்து விளைப்போனைத் தடுத்தலை விடுத்து ஆபத்துக்குள்ளாவோனை அப்புறப்படுத்துதல் நீதியோ என்பது அவர்கள் கேள்வி.

இக்கேள்வியின் கூர்மை மந்திரியின் மற்றைச் செயல்களோடு ஒட்டிப் பார்க்கும்போது புலப்படும். பாதசாரிக்கு அவர் அளித்த விடை யாது? வலிய மோட்டார் நிற்க, எளிய மனிதன் கடக்க என்பதே. சைக்கிளுக்கு அளித்த விடையோ, எளியது ஒதுங்க, வலியது விரைக என்பதாய் முடிந்தது. ஒரே வீதி, ஒரே மந்திரி. நீதி மாத்திரம் இரண்டு. அவர் வேண்டுமென்றே இவ்வாறு செய்தார் என்று யாம் கூறவில்லை. நாள்தோறும் சவங்களின் கணக்கு மேசைக்கு வரும் ஒருவர், உரிமையின் நுட்பத்தை ஆராய்ந்துகொண்டிருத்தல் அரிது. பாதையிற் சென்றவன் பிழைத்தாற் போதும் என்று அவர் எண்ணியிருத்தல் கூடும். ஹாலந்து தேசத்தார் பிற்காலத்தில் அகலமாகவும் அறாமலும் பாதைகள் அமைத்துக் காட்டினமையால் தனிப்பாதையே தீதன்று என்பதும் தெளிவு. சந்திதோறும் அறுபடும் பாதையைத் தந்து, அதனையே பெருங்கொடையாகப் பேசியதுதான் குறை.

சைக்கிளின் பின்புறத்திற் செவ்விளக்கு வேண்டுமா என்பது பற்றியும் இதே வழக்கு நிகழ்ந்தது. விளக்கில்லாதவனை இடித்துவிட்டேன் என்பதனை மோட்டாரோட்டி ஒரு சமாதானமாக்கிக்கொள்வான், தன் விளக்கொளி எட்டுந் தொலைவுக்குள் நிறுத்தவல்ல வேகத்திற் செல்வது அவன் கடமை என்று சங்கத்தார் வாதித்தனர். வாதம் நேரியதே. எனினும் இருட்டில் வாதம் ஒளிவிடுவதில்லை, விளக்கே ஒளிவிடும். யுத்தம் வந்து நாடு முழுதும் விளக்கணைக்கப்பட்ட 1939-இல் பின்விளக்கு கட்டாயமாயிற்று. 1945-இல் நிலையான சட்டமாயிற்று. இவ்வொன்றில் யாம் சங்கத்தார் பக்கம் நிற்க இயலவில்லை.

தனிப்பாதைகள் யுத்தம் மூளும் வரையில் ஆங்காங்கே நூற்றுக்கணக்கான மைல் அமைந்தன. 1938-இல் பிரபுக்கள் சபை நியமித்த ஆல்னஸ் கமிட்டியும் சைக்கிளைப் பிரித்துவைத்தலையே வற்புறுத்தியது. ஆனால் யுத்தமும் அதற்குப்பின் வந்த மோட்டார்ப் பெருக்கமும் எல்லாவற்றையும் மறக்கச் செய்தன. பல பாதைகள் புல் மண்டின. சில பாதைகள் வண்டி நிறுத்துமிடமாயின. அவை சைக்கிளுக்கென்று போட்டவை என்பதே ஊராட்சியார்க்கும் மறந்துபோயிற்று. சங்கத்தார் கேட்ட கேள்விக்கு அரசாங்கத்தின் விடை கிடைக்க 2022-ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு ஜனவரியில் திருத்திய வீதியொழுக்க நூல், பிறர்க்கு மிகுந்த தீங்கு விளைக்கவல்ல வாகனத்தை ஓட்டுவோர்க்கே பொறுப்பும் மிகுதி என்று முதலிலேயே விதித்தது. 30 மைல் வேகம் வரை செல்லும் மோட்டார், சைக்கிளைக் கடக்குங்கால் ஒன்றரை மீட்டர் இடமேனும் விடல் வேண்டும் என்றும் கூறியது. இவ்வளவும் எழுத்திலே. வீதியில் எவ்வளவு என்பதனை அங்கே சைக்கிளேறுவோர் அறிவர்.

1937-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹோர்-பெலிஷா யுத்த மந்திரியானார். போர்வீரர்க்கு நல்லுணவும் நல்லுறைவிடமும் கிடைக்கச் செய்தார். முதிய தளபதிகளை விலக்கி இளையோரை உயர்த்தினார். 1939-இல் கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தையும் கொணர்ந்தார். வீதியிலே பெற்ற விளம்பரத்தை மன்னித்தவர், பாசறையிலே அவர் செய்த மாற்றங்களை மன்னிக்கவில்லை. தளபதிகளோடு மனவேற்றுமை முற்றியது. யூதர் என்பதும் பலர் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தது. அதனை வாய்விட்டுச் சொன்னவரும் உளர். 1940 ஜனவரியில் பிரதம மந்திரி சேம்பர்லேன் அவரை அப்பதவியினின்றும் விலக்கினார். அதற்குப்பின் அவர் பெரும்பதவி எதனிலும் நிலைபெறவில்லை. இருளடைந்த வீதிகளிலோ உயிர்ச்சேதம் மீண்டும் பெருகி, 1941-இல் 9,169-ஐ எட்டியது.

1944-இல், தம் ஐம்பதாம் வயதிற்கு மேல், மணம் புரிந்தார். மறு ஆண்டுத் தேர்தலில், இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தம்மைத் தெரிந்தெடுத்த டெவன்போர்ட் மக்களாலேயே கைவிடப்பட்டார். வென்றவர் மைக்கேல் பூட் என்னும் இளைஞர். 1951-இல், அவர் நட்ட கம்பங்களினிடையே சாலைமீது வெள்ளைப் பட்டைகளும் தீட்டப்பெற்று, வரிக்குதிரைக் கடவை என்னும் பெயர் வழங்கலாயிற்று. 1954-இற் பிரபுப் பட்டம் அளிக்கப்பெற்றது. 1957-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள், பிரிட்டிஷ் பார்லிமெண்டுத் தூதுக்குழுவொன்றின் தலைவராய்ப் பிரான்ஸ் தேசத்து ரெய்ம்ஸ் நகருக்குச் சென்றிருந்தபோது, நகரமண்டபத்திற் பேசிக்கொண்டிருக்கையிலேயே நினைவிழந்து உயிர் துறந்தார். அப்போது அவர்க்கு வயது அறுபத்துமூன்று. மக்கட்பேறு இன்மையாற் பிரபுப் பட்டமும் அவரோடு முடிந்தது. ஆங்கில அகராதிகளிலே பெலிஷா என்ற சொல்லைப் பார்ப்போர் இன்று காண்பது அம்மனிதரையன்று. வீதியோரத்து மஞ்சள் விளக்குக் கம்பத்தையே.